பவளப்பாறையில் களையெடுக்கும் மீன்

பாலாற்றுப் படுகையில் பயிர் செய்யும் நமக்குக் கடல் மீனொன்றின் வரலாறு எதற்கு எனச் சிலர் வினவலாம். களையெடாத நிலம் என்னவாகும் என்பதை அறிந்தவர்க்கு இம்மீனின் தொழில் எளிதில் விளங்கும்.

ஆங்கிலேயர் இதனை 'ரண வைத்திய மீன்' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். இதன் வாலடியில் இருபுறமும் மடக்குக்கத்தி போன்ற முள் உண்டு. அமைதியாயிருக்குங்கால் அது பள்ளத்தில் மடங்கிக் கிடக்கும். சினந்து வாலை வீசினால் எதிரியை அறுத்துவிடும். வலையிலிருந்து எடுப்போர் கையும் தப்பாது. உடல் தட்டையானது, வாய் சிறியது, செதில்கள் மிக நுண்ணியவை.

உஷ்ணமண்டலக் கடல்களில் ஆழங்குறைந்த பவளப்பாறைகளே இதன் வாசஸ்தலம். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள மன்னார் வளைகுடாவிலும் இவ்வினம் உண்டு. பெரும்பாலான வகைகள் பாறைமீது படரும் பாசியை மேய்ந்தே ஜீவிக்கின்றன. நீலமும் மஞ்சளுமான கோடுகளையுடைய ஒரு வகை, அலை மோதும் பாறையில் ஒரு துண்டுப் பாசிநிலத்தைத் தனதாக்கிக்கொண்டு, அங்கு நுழையும் பிற மீன்களைத் துரத்தும். கருங்கோடுகளையுடைய மற்றொரு வகையோ, இத்தகைய காவல் நிலங்களில் பெருங்கூட்டமாய்ப் புகும். வயலில் ஆட்டு மந்தை புகுந்தாற்போல, ஒன்றைத் துரத்துவதற்குள் மற்றவை மேய்ந்துவிடும்.

பல வகைகள் அந்திவேளையில் கூடி நீரில் முட்டையிடுகின்றன. கண்ணாடி போன்ற இளங்குஞ்சு பல வாரங்கள் திறந்த கடலில் மிதந்து திரியும். பாறையை அடைந்ததும் நிறம் பெற்று, குடல் நீண்டு, பாசி தின்னத் தொடங்கும். சில வகைகள் 30 ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும்.

இனி இதனால் விளையும் நன்மையைக் கூறுவோம். பவளப்பாறை என்பது சிறு பிராணிகள் கட்டிய சுண்ணாம்புக் கட்டடம். கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பவளம் வெளுக்கும். சூடு நீடித்தால் மடியும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆம் ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. மடிந்த பாறையைப் பாசி மூடிக்கொண்டால், புதிய பவளக் குஞ்சுகள் பற்றி வளர இடமிராது. மேயும் மீன்களே அவ்விடத்தைச் சுத்தமாக வைக்கின்றன. கூலி கேளாத இவ்வேலையாளை வலைவீசித் தீர்த்துவிட்டால், பாறை களை மண்டிய தரிசாகும்.

கெட்டதைச் சீர்செய்தல் அரிதென்பதை நமக்குப் பிறர் கூற வேண்டியதில்லை. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் இவ்வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் நிலையம் கணக்கெடுத்தது. 1996 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் அது எடுத்துக்காட்டப்பட்டது. கடலில் இம்மீன் போன்று, நம் மண்ணில் கூலி கேளாது உழைப்பது மண்புழு. உப்பேறிய நிலத்தில் அதுவும் தங்காது.

ஆதலின் விவசாயிகள் ஆண்டுதோறும் கிணற்று நீரையும் மண்ணையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஏரியிலோ வாய்க்காலிலோ கழிவு கலப்பதைக் கண்டால், கிராம அதிகாரிகள் தாமதியாது மேலதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கக் கடவர்.