தூளாய் நுழையும் பனி

ஜப்பானின் வடகோடித் தீவு ஹொக்கைடோ. அங்கே சப்போரோவிலிருந்து அசாஹிகாவாவுக்கு ரயில் பாதை 136.8 கிலோமீட்டர். 1902 ஜனவரி 25 அன்று அசாஹிகாவாவில் வெப்பநிலை மைனஸ் 41 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. ஜப்பானிய வானிலை நிலையங்கள் பதிவு செய்ததில் இன்றுவரை அதுதான் மிகக் குறைவு. இப்படிப்பட்ட ஊருக்குப் போகும் மின்சார ரயிலுக்கு எது பகை என்று கேட்டால், தண்டவாளத்தை மூடிக் குவியும் பனி என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். குவியும் பனி தொல்லைதான், ஆனால் அதைக் கலப்பை கட்டித் தள்ளிவிடலாம். வண்டியை உண்மையில் படுத்தி எடுப்பது, காற்றில் மிதக்கும் பனித்தூள்.

கடுங்குளிரில் விழும் வெண்பனியில் ஈரமே இருக்காது. கையில் அள்ளி அழுத்தினாலும் உருண்டை பிடிக்காது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் விரையும் ரயில் அதைக் கிளப்பிவிட, பெட்டிகளின் அடியில் வெண்புகை மண்டலமே எழும்பும். மோட்டார்களும் சுவிட்சுகளும் இருப்பது அதே அடிப்பகுதியில்தான். ஓடும் மோட்டார் சூடாகும். அதைத் தணிக்க விசிறி வெளிக்காற்றை இழுத்தே ஆக வேண்டும். காற்றோடு பனித்தூளும் உள்ளே போகிறது. உறைந்திருக்கும் வரை அதனால் பெரிய கேடில்லை. சூடான கம்பிச்சுருளில் பட்டதும் உருகி நீராகிறது, அங்கே படிந்திருக்கும் தூசியைக் கரைத்துக்கொண்டு மின்காப்பைக் கெடுக்கிறது. இரவில் வண்டி நின்றதும் அதே நீர் மறுபடி உறைந்து, அசையும் உறுப்புகளைப் பூட்டிவிடுகிறது.

ஜப்பான் தேசிய ரயில்வே இதைப் பட்டுத்தான் அறிந்தது. 1975 ஜூலையில் சப்போரோவுக்கும் அசாஹிகாவாவுக்கும் இடையே ‘இஷிகாரி’ என்ற மின்சார எக்ஸ்பிரஸ் தொடங்கியது. புது வண்டியை வடிவமைக்கக் காலம் பிடிக்கும் என்பதால், மற்றப் பகுதிகளில் ஓடிக்கொண்டிருந்த 485 வரிசையையே குளிருக்காகச் சற்றுத் திருத்தி, 1500 என்ற உட்பிரிவாக அனுப்பினார்கள். பனிமூட்டத்தில் பாதை தெரிய, கூரையில் கூடுதலாக முகப்பு விளக்கும் பொருத்தினார்கள். கோடையில் நன்றாகத்தான் ஓடியது. முதல் குளிர்காலத்திலேயே பழுதுகள் அடுக்கடுக்காக வந்தன, பல நடைகள் ரத்தாயின. அடுத்து வந்த குளிர்காலங்களில், பழுது பார்க்க நேரம் கிடைக்கட்டும் என்று சில நடைகளை முன்கூட்டியே நிறுத்திவைத்தார்கள்.

வேதனை என்னவென்றால், இதற்கான விடை அதே தடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1968இல் இப்பகுதியின் பாதை மின்மயமானபோதே ஹொக்கைடோவுக்கென்று உருவான 711 வரிசை ரயில்கள் குளிரைத் தாங்கி ஓடின. பழைய முறையில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அடுக்கடுக்கான சுவிட்சுகள் திறந்து மூட வேண்டும். அந்த உலோக முனைகளுக்கிடையே பனி புகுந்தால் வேலை கெட்டது. 711இல் தைரிஸ்டர் என்ற குறைகடத்தி அந்த வேலையைச் செய்தது. அதில் அசையும் முனையே இல்லை, பனி சிக்குவதற்கு இடமும் இல்லை.

இந்தப் பாடத்தை வைத்துப் பிறந்ததுதான் 781 வரிசை. முன்மாதிரி வண்டி 1978இல் வந்து, அடுத்த ஆண்டே பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 1980இல் 485கள் ஹொக்கைடோவை விட்டுத் திரும்பின. தைரிஸ்டர் கட்டுப்பாடு இதிலும் உண்டு. ஆனால் என்னை மிகவும் கவர்வது இதன் காற்று வழி. மோட்டாருக்கான காற்றை அடியிலிருந்து இழுக்காமல், பெட்டியின் பக்கவாட்டில் உயரத்தில் உள்ள திறப்புகள் வழியாக எடுத்தார்கள். கிளம்பும் பனித்தூள் அங்கே குறைவு. அதோடு விட்டுவிடவில்லை. உள்ளே வரும் காற்று முதலில் ஓர் அகன்ற அறைக்குள் போகும். குறுகலான வழியிலிருந்து அகன்ற இடத்துக்கு வந்ததும் காற்றின் வேகம் தணியும். ஆறு சமவெளியில் வேகம் குறைந்ததும் வண்டலைப் படியவிடுவது போல, காற்றும் தான் சுமந்துவந்த பனியை அங்கே விட்டுவிடும். தெளிந்த காற்று மட்டும் குழாய் வழியாகக் கீழே மோட்டாருக்குப் போகும். வடிகட்டித் துணியோ வலையோ வைத்தால் பனியே அதை அடைத்துவிடும். வெறும் இடமே வடிகட்டியாக நிற்கும் இந்த ஏற்பாட்டில் அடைபட ஒன்றுமில்லை. பெட்டிக்குள் விலையுயர்ந்த இடத்தை அது தின்றுவிடும் என்பது உண்மை. ஆனாலும் அந்த இடத்தை இதற்குக் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மற்ற ஏற்பாடுகள் எளிமையானவை. பனி நாட்களில் பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே பனி புகுந்து இறுகிவிட்டால், பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். அதனால் கட்டையைச் சக்கரத்தோடு லேசாக ஒட்டியபடியே வைத்து ஓட்டுகிறார்கள். பயணிகள் ஏறும் கதவுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே ஒரு சிறு முன்னறையும் இன்னொரு கதவும் இருக்கும். நிலையத்தில் நிற்கும்போது உள்ளே இருக்கும் வெப்பம் ஓடிவிடாது. ஜன்னல்களும் இரட்டை.

அதிவேக ரயில்களில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. 1964இல் தொடங்கிய டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென், செகிகஹாரா என்ற இடத்தில் பனிப்பிரதேசத்தைக் கடக்கிறது. அங்கே கிளம்பும் பனி வண்டியின் அடியில் ஒட்டி உறைந்து கட்டியாகும். வெப்பமான பகுதிக்கு வந்ததும் கட்டி உதிர்ந்து ஜல்லியில் விழும், கற்கள் தெறித்துக் கண்ணாடியை உடைக்கும். பனி கிளம்பாமல் இருக்கப் பாதையில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கினார்கள், வேகத்தையும் குறைத்தார்கள். 1982இல் வடக்கே இரு புதிய ஷின்கான்சென் பாதைகள் திறந்தபோது, அவற்றில் ஓடிய 200 வரிசை ரயிலுக்கு முழு அடிப்பகுதியையும் உடலின் ஓட்டுக்குள்ளேயே மூடிவிட்டார்கள். கூடும் எடையைச் சமாளிக்க உடலை அலுமினியத்தில் செய்தார்கள். கடும் பனி விழும் நீகாட்டா பக்கத்துப் பாதையிலோ வெந்நீர் தெளித்துப் பனியைக் கரைத்தார்கள்.

2009இல் மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரஷ்யாவின் ‘சப்சான்’ அதிவேக ரயிலிலும் குளிர்விக்கும் காற்றைக் கூரையிலிருந்தே எடுக்கிறார்கள். நாடும் தயாரிப்பாளரும் வேறு, பனி கிளம்பும் இடம் மட்டும் ஒன்றே.

ஹொக்கைடோவில் 1990இல் வந்த 785 வரிசை, கார்பன் தூரிகை தேவைப்படாத இண்டக்‌ஷன் மோட்டாருக்கு மாறியது. ஈரம் பதம் பார்க்கும் இன்னோர் இடமும் அதோடு ஒழிந்தது. 781 ரயில்கள் 2007 வரை உழைத்து ஓய்வு பெற்றன. ஆனால் சக்கரங்களைத் தாங்கும் போகியை மட்டும் யாராலும் முழுதாக மூட முடியவில்லை. வளைவில் அது திரும்ப வேண்டும், ஸ்பிரிங் ஏறி இறங்க வேண்டும். அதனால் அங்கே பனி ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பனி நாடுகளின் பணிமனைகளில் ஊழியர்கள் கருவிகளும் வெந்நீரும் கொண்டு அதை உதிர்த்துவிட்டுத்தான் வண்டியை அடுத்த நடைக்கு அனுப்புகிறார்கள்.