இடுப்பு மூட்டு அறுவையும் இயன்முறைப் பயிற்சியும்

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர் இல்லாத ஊர் அரிது. அறுவை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பியவரை, "அசைய வேண்டாம், படுத்தே இருங்கள்" என்று உற்றார் அன்போடு தடுப்பதை நாம் எங்கும் காண்கிறோம். அவ்வன்பே தீங்காய் முடிவதுண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

படுத்தே கிடந்தால் தொடைத் தசைகள் சில நாட்களிலேயே வலுவிழக்கும்; நெஞ்சில் சளி கட்டும்; படுக்கைப் புண் உண்டாகும். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் மருத்துவர்கள், தடையேதும் இல்லையெனில், அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிறுத்துகின்றனர்.

1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர், உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டைச் செம்மைப்படுத்திப் பொருத்தினார். மூட்டு எத்துணைச் சிறந்ததாயினும் அதனை இயக்குவது தசையே. பாவு பூட்டித் தருவது மருத்துவர் பணி. நெய்வது நம் பணி.

பயிற்சிகள் எளியவை. படுத்தவாறே பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்கி விடுதல். குதிகாலைப் படுக்கையோடு மெல்ல இழுத்து நீட்டுதல். பின்னர் நடைச்சட்டத்தின் துணையால் நடை, அதன்பின் ஊன்றுகோல். கோலை நோயுற்ற காலுக்கு எதிர்க்கையிற் பிடிக்க வேண்டும். படியேறுகையில் நல்ல கால் முதலில். இறங்குகையில் நோயுற்ற கால் முதலில். சிறிது வலி இருக்கும். அதற்கு அஞ்சி நிறுத்தலாகாது.

மூட்டு மாற்றப்பெற்றவர் கால்மேல் கால் போடுதல், சம்மணமிடல், குந்துதல், தாழ்ந்த மணையில் அமர்தல் ஆகியவற்றை மருத்துவர் இசையும் வரை தவிர்ப்பாராக, மூட்டு நழுவக்கூடும். குழித்தறியில் இறங்குவதும் குந்திக் களையெடுப்பதும் அவர் இசைவு பெற்ற பின்னரே. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, புண்ணில் சீழ் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்டுக. திடீரென மூச்சுத் திணறினால் கணமும் தாமதியாது மருத்துவமனை சேர்க.

2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேட்டறிதல் நலம்.

எனவே, நம் இல்லத்து முதியவருக்குத் தலையணையை மட்டும் கொடுத்து அமையாது, தோளையும் கொடுப்போம். நாள்தோறும் அவரோடு பத்தடி நடப்பதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான பணிவிடையாகும்.