மெக்டவல் அண்ட் கம்பெனி

மெக்டவல் அண்ட் கம்பெனி சென்னையில் தோன்றிய மது வணிக நிறுவனம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் மெக்டவல் 1826-ல் இதைத் தொடங்கினார். ஐரோப்பிய மது வகைகளைக் கப்பலில் வரவழைத்து, மதராஸில் இருந்த ஆங்கிலேயருக்கு விற்பதே தொடக்க காலத் தொழில். இன்று இப்பெயர் இந்திய விஸ்கி ஒன்றின் பெயராகவே அறியப்படுகிறது. கடையின் பெயர் சரக்கின் பெயராக மாறிய இந்தக் கதையில் ஆண்டுகளைக் குழப்பிக்கொள்வது எளிது.

சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல்கள் மதராஸ் சேரப் பல மாதங்கள் ஆகும். சாதாரணத் திராட்சை மது அந்த வெயிலில் புளித்துக் கெட்டுவிடும். பிராந்தி கலந்து வீரியம் கூட்டப்பட்ட ஷெர்ரி, மதீரா, போர்ட் போன்றவை தாங்கும். ஸ்பெயினின் ஹெரெஸ் நகரப் பெயரை ஆங்கிலேயர் உச்சரித்த விதமே ‘ஷெர்ரி’. பீப்பாய்களை இந்தியா வரை அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தால் கப்பலின் ஆட்டமும் வெப்பமும் சுவை கூட்டும் என்று நம்பினர். ‘கீழை இந்திய ஷெர்ரி’ என்ற வகை அப்படி வந்ததே.

நிறுவனம் 1898-ல் வரையறுக்கப்பட்ட கம்பெனியாகப் பதிவானது. 1948-ல் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1951-ல், விட்டல் மல்லையாவின் யுனைடெட் புருவரீஸ் குழுமம் இதை வாங்கியது. மதுவிலக்கு நடந்த ஊரின் மதுக் கம்பெனியை ஒருவர் துணிந்து வாங்கியது வியப்புதான்! முதல் வடிசாலை 1959-ல் கேரளத்தின் சேர்த்தலையில் அமைந்தது. ‘நம்பர் 1’ விஸ்கி 1968-ல் சந்தைக்கு வந்தது. ஆக, இறக்குமதி வணிகருக்கும் இந்த விஸ்கிக்கும் இடையே ஏறத்தாழ 140 ஆண்டுகள். பொருளும் வேறு: இந்தியாவில் விற்கும் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து வடித்த சாராயம். ஐரோப்பிய விதிப்படி அதற்கு விஸ்கி என்ற பெயரே கிடைக்காது. நிறுவனத்தின் வயதைச் சரக்கின் வயதாக எழுதுவது தவறு.

இத்தகைய பழைய நிறுவனங்களை ஆராயும் மாணவர் விளம்பரத்திலிருந்து தொடங்கக் கூடாது. மதராஸில் ஆண்டுதோறும் அச்சான ‘அல்மனாக்’ விவர நூல்களில் வணிகர் பெயர்களும் முகவரிகளும் உண்டு. ஓர் ஆண்டின் பட்டியலை அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டால் பங்குதாரர் மாறியதும் கடை இடம் மாறியதும் புலப்படும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் தேட வேண்டிய இடங்கள். வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் இந்தியாவில் 1940-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய குறிகளுக்குப் பழைய லேபிள்கள், விலைப்பட்டியல்கள், நாளிதழ் விளம்பரங்களே சான்று.

நீதிமன்றத் தீர்ப்புகளும் உதவும். சட்ட மாணவர்கள் மெக்டவல் பெயரை வரி வழக்கில் படிக்கிறார்கள். விற்பனை வரிக் கணக்கில் கலால் வரியையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் இந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வரி தவிர்ப்பு உத்திகளை நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அதில் கடுமையாகச் சாடினார்.

நிறுவனம் 2006-ல் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் என்று பெயர் மாறியது. 2014-ல் பெரும்பான்மைப் பங்குகள் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டியாஜியோவிடம் சென்றன. மது விளம்பரத்துக்குத் தடை இருப்பதால், இதே பெயர் சோடா பாட்டிலிலும் காணப்படுகிறது.