கோடு போட்டால் கால் எழும்

புனேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேஹா சோனேஜியின் உறவினர் ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய். சமதரையில் நாலு அடி எடுத்து வைக்கவே திணறிய அவர், மாடிப்படியில் மட்டும் தடங்கலின்றி இறங்கினார். இதைக் கவனித்த மிலேஹா, படிக்கட்டுத் தோற்றம் தரும் படத்தை வீட்டுத் தரையில் ஒட்டிப் பார்த்தார். அதன்மேல் அந்த உறவினர் சரளமாக நடந்தார். 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நடந்த டெட்எக்ஸ் சொற்பொழிவு நிகழ்ச்சியில் மிலேஹா இதை விவரித்தார்.

"படி இறங்க முடியுது, கூடத்துல நடக்க முடியலையா? வேணும்னே பண்றாரு" என்று சலித்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் ஊரிலும் உண்டு. வீம்பு என்று நினைப்பது தவறு. இந்த நோய் காலின் பலத்தைப் பறிப்பதில்லை. யோசிக்காமல் நடக்கும் பழக்கத்தைத்தான் பறிக்கிறது.

கால் ஏன் நின்றுவிடுகிறது?

நடுக்குவாதம் என்றும் சொல்லப்படும் இந்த நோயை, 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதினார். நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது இது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் நாம் எண்ணி வைப்பதில்லை. மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் தொகுதிகள் அந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. டோபமைன் குறைந்ததும் அங்கிருந்து வரும் கட்டளை வலுவிழக்கிறது. அடி குறுகும். பாதம் தரையில் தேயும். கைவீச்சு குறையும். சிலருக்கு வாசல்நிலையைத் தாண்டும்போதும், திரும்பும்போதும், அவசரப்படும்போதும் பாதம் பசை தடவியதுபோல் தரையில் ஒட்டிக்கொள்ளும். இதை நடை உறைதல் என்கிறார்கள்.

மூளையில் இன்னொரு பாதை

தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் இந்த நோயாளிகளின் நடை மேம்படுவதை, பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் 1967-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். 1990-களில் ஆஸ்திரேலியாவின் மெக் மாரிஸ், ராபர்ட் இயான்செக் குழுவினர் அதை அளந்து பார்த்தார்கள். கால்களை மாற்றி மாற்றி வைக்கும் வேகத்தில் பெரிய குறை இல்லை. அடியை நீட்டி வைப்பதில்தான் சிக்கல் என்று தெரிந்தது. கோடு போட்டதும் அடியின் நீளம் இயல்புக்குத் திரும்பியது.

அப்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தகாஷி ஹனகாவா குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. நோயாளிகளை டிரெட்மில்லில், குறுக்குக் கோடுகள் மீதும் நீளவாக்கில் ஓடும் கோடுகள் மீதும் நடக்கவைத்து, மூளையின் ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் ஒப்பிட்டார்கள். குறுக்குக் கோடுகள் மீது நடை சீரானது. அதே நேரத்தில் மூளையின் வலப்பக்க மேற்புறத்தில், கண்ணில் படுவதற்கேற்ப அசைவைத் திட்டமிடும் பகுதி கூடுதலாக வேலை செய்தது.

தானாக நடக்கும் பாதை பழுதானாலும், பார்த்து நடக்கும் பாதை பெருமளவு பிழைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். மாடிப்படியின் ஒவ்வொரு விளிம்பும் கண்ணுக்கு ஒரு குறுக்குக் கோடுதான்.

எதுவரை உதவும்?

பிரிட்டன், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 153 பேருக்கு அவரவர் வீட்டிலேயே மூன்று வாரம் ஒளி, ஒலி போன்ற குறிப்புகளுடன் பயிற்சி தந்த ஆய்வு 2007-இல் வெளியானது. நடை ஓரளவு மேம்பட்டது; உறைதல் இருந்தவர்களுக்கு அதன் கடுமை சற்றுக் குறைந்தது. ஆனால் பயிற்சி நின்ற ஆறு வாரத்தில் பலனில் பெரும்பகுதி கரைந்துபோனது. ஆகவே பயிற்சியை விடாமல் தொடர வேண்டும்.

கோடு இல்லாத இடங்களுக்காக, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒளிக்கோடு பாய்ச்சும் லேசர் காலணியை நெதர்லாந்தில் 21 பேரிடம் சோதித்தார்கள். மருந்தின் வேகம் தணிந்த நேரத்தில் உறைதல் ஏறக்குறைய 46 சதவீதம் குறைந்ததாக 2017-இல் செய்தி வந்தது. நல்ல வெயிலில் இத்தகைய ஒளிக்கோடு கண்ணுக்கு எடுபடாது.

கோடு நோயைக் குணப்படுத்தாது. இந்த நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரைக்கு அது மாற்றும் ஆகாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் சிமென்ட் தரையும் உண்டு, டைல்ஸும் உண்டு. இரண்டிலும் கோடு போடலாம்.

• முதலில் சாக்பீஸால் கோடு போட்டுச் சோதியுங்கள். பலன் தெரிந்தால் வழுக்காத, ஓரம் பெயராத டேப் ஒட்டலாம்.

• கோடு நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். வெள்ளை டைல்ஸில் கருப்பு, சிவப்புத் தரையில் வெள்ளை என நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும்.

• இடைவெளி பொதுவாக ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடிக்குள் அமையும். உயரத்துக்கு ஏற்ப இயன்முறை மருத்துவர் அளந்து சொல்வார்.

• வீடு முழுக்க வேண்டாம். கால் நிற்கும் இடங்களில், அதாவது வாசல்நிலை, கட்டில் ஓரம், குளியலறை வழி ஆகியவற்றில் போதும்.

• கண்புரை இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கும், கோட்டைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கும் இது ஒத்துவராமல் போகலாம்.

கால் ஒட்டிக்கொண்டால்

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேலுடம்பு முன்னே சாய, கால் பின்தங்கி, விழுந்துவிடுவார். நிற்கவிடுங்கள். உடம்பின் பாரத்தை இடமும் வலமுமாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு, "அந்தக் கோட்டைத் தாண்டி வைங்க" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுப்பதும், கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுப்பதும் வேண்டாம். கவனம் சிதறினால் அடி மறுபடி குறுகும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், அகலமாக வளைந்து திரும்புவது நல்லது.

யாரிடம் காட்டுவது?

நடை தளர்வதை வயசு என்று தள்ளிப்போட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலோ காட்டி, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லலாம். புதுச்சேரி ஜிப்மரில் நரம்பியல் துறை இருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கோடுகளைப் பற்றி, சிகிச்சை தர வருபவரிடம் கேளுங்கள்.

மருத்துவர் அறையில் நோயாளி பெரும்பாலும் நன்றாகவே நடந்து காட்டிவிடுவார். ஆகவே வீட்டில் எந்த இடத்தில், மாத்திரை போட்ட எத்தனை மணி நேரத்தில் கால் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் வீடியோவும் எடுத்துப் போங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற மருத்துவருக்கு அதுவே கைகொடுக்கும்.