கரன்ட் போனா என்ன... அம்மி இருக்கே!

2024 நவம்பர் 30 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் தெருவெல்லாம் தண்ணீர். பல இடங்களில் கரன்ட்டும் போச்சு.

கரன்ட் போனால் மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். சட்னி இல்லையே என்பது சின்னக் கவலை. வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவரும் வளர்கிற குழந்தையும் இருந்தால், பிஸ்கட்டும் பிரெட்டுமாக எத்தனை வேளை ஓட்டுவீங்க?

மிக்ஸி இல்லாமலே செய்யக்கூடிய சத்தான துவையல் ஒன்று இருக்கு. பேர், ஹம்மஸ்!

‘அரபு நாட்டுப் பண்டமாச்சே, நமக்கெதுக்கு?’ என்கிறீங்களா? அரபு மொழியில் ஹம்மஸ் என்றால் கொண்டைக்கடலை. அதோடு எள், பூண்டு, எலுமிச்சை. அவ்வளவுதான். மிக்ஸி பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே அந்த ஊர்ப் பெண்கள் இடித்தும் அரைத்தும் செய்ததுதான் இது.

எள்ளுக்கும் திண்டிவனத்துக்கும் உறவு உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கு. எள், வேர்க்கடலை ரகங்களில் ‘டி.எம்.வி.’ என்று பார்க்கிறோமே, அது திண்டிவனத்தின் சுருக்கம்தான். 1940-ல் வந்த டி.எம்.வி. 2 வேர்க்கடலை நாடு முழுக்கப் பேர் வாங்கியது.

அரைக்கலாமா?

நாலைந்து பேருக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு டம்ளர், வெள்ளை எள் நாலு டேபிள்ஸ்பூன், பூண்டு மூணு பல், எலுமிச்சம்பழம் ஒண்ணு, உப்பு, நல்லெண்ணெய் போதும்.

கடலையை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வைங்க. ஊறிய தண்ணீரைக் கொட்டிடுங்க. வாயுத் தொல்லை குறையும். புதுத் தண்ணீரில் குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்க. ரெண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்கணும். கையால் அரைப்பதில் பாதி வேலை இந்த வேக்காட்டில்தான் இருக்கு. வெந்த தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து வைங்க.

கை பொறுக்கும் சூட்டில் கடலையைத் தேய்த்தால் தோல் கழன்று வரும். முடிந்தவரை எடுத்துடுங்க. அப்போதுதான் மழமழன்னு வரும்.

எள்ளைச் சிறு தீயில், படபடவென்று பொரியும் வரை வறுங்க. கருகினால் கசக்கும்.

அம்மியில் முதலில் எள். எண்ணெய் கசிந்து விழுதாகும் வரை அரையுங்க. பிறகு பூண்டும் உப்பும். அப்புறம்தான் கடலை, அதுவும் கைப்பிடி கைப்பிடியாக, சூடு இருக்கும்போதே. ஆறினால் நறநறவென்று நிற்கும். இடையிடையே வெந்த தண்ணீரைத் தெளித்துக்குங்க. வழித்துக் கிண்ணத்தில் போட்ட பிறகு எலுமிச்சை பிழிந்து, மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால்... ஆச்சு!

அம்மி இல்லையா? எள்ளையும் பூண்டையும் சின்ன உரலில் இடிச்சுக்குங்க. கடலையைப் பருப்பு மத்தாலோ சொம்பின் அடியாலோ மசிங்க. கொஞ்சம் கொரகொரப்பா இருக்கும், ருசி குறையாது.

ரொம்ப நாள் சும்மா கிடந்த அம்மியா? நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு பிடி அரிசியை ரெண்டு தடவை அரைத்துக் கொட்டுங்க. புதிதாகக் கொத்திய அம்மிக்கும் இது கட்டாயம். இல்லாவிட்டால் கல் பொடி வயிற்றுக்குள் போகும்.

என்ன சத்து?

100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 19 கிராம் புரதம், நிறைய நார்ச்சத்து. ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். (அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க!) கடலையில் குறைகிற புரதக் கூறை எள் ஈடு கட்டும். கடலையின் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை கைகொடுக்கும். தோசை, சப்பாத்தி, வெள்ளரித் துண்டு, எதற்கும் பொருந்தும்.

இதை மறக்காதீங்க!

* ஃப்ரிட்ஜ் ஓடாத நாளில், அரைத்த ரெண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிச்சிடணும். ‘ராத்திரிக்கு ஆகட்டும்’ என்று மூடி வைக்காதீங்க. வெந்த கடலை சீக்கிரம் கெடும். அளவாக அரைப்பதே புத்திசாலித்தனம்.

* வெள்ள நேரத்தில் ஊற வைக்கவும் கழுவவும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரே நல்லது.

* எள் விலை உறுத்தினால் வறுத்த வேர்க்கடலை போடலாம். ஆனால் நனைந்து பூசணம் பிடித்த கடலை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது.

* சிலருக்கு எள் ஒத்துக்காது. குழந்தைக்கு முதல் தடவை கொடுக்கும்போது துளியளவு கொடுத்துப் பாருங்க. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்க.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடணும்.

* மூட்டுவலிக்காரர்கள் தரையில் குந்தி அரைக்க வேண்டாம். குழவியை வீட்டு ஆம்பிளைகள் கையில் கொடுங்க. அவங்களும் கொஞ்சம் அரைக்கட்டுமே!

அடுத்த மழைக்காலம் வரும்வரை காத்திருக்காதீங்க. இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மியைக் கழுவி ஒரு தடவை அரைச்சுப் பாருங்க. கை பழகிவிட்டால், கரன்ட் போகிற அன்றைக்குப் பதற்றம் இருக்காது.