அரபுத் தமிழின் ஒலியமைப்பு

ஒரு மொழிக்கு உடலாக விளங்குவது ஒலி. அவ்வுடலுக்கு மனிதன் தைத்து அணிவித்த ஆடையே எழுத்து. ஒரு மொழியின் ஒலிகளுக்கென வகுக்கப்பெற்ற எழுத்தை மற்றொரு மொழிக்கு அணிவிக்க முற்படும்போது சில இடங்களில் துணி போதாமலும் சில இடங்களில் மிகுந்தும் போவது இயல்பு. தமிழ் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதி வந்தனர். அர்வி எனவும் அரபுத் தமிழ் எனவும் வழங்கும் இம்முறையில் அக்குறை எவ்வாறு நிறைவு செய்யப்பட்டது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஊர்ப்பெயர் ஒன்றே சான்று

நம் திருவெறும்பூரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இப்பெயரின் தகர, ரகர, வகர, மகரங்களுக்கு ஏற்ற எழுத்துகள் அரபியில் உள்ளன. மகரத்தை அடுத்து வரும் பகரம் ஒலிப்புடைய ஓசையாக ஒலிப்பதால் அதற்கு அரபு ‘பே’ பொருந்தும். ஊகாரத்திற்கும் நெட்டுயிர்க் குறி உண்டு. ஆனால் எகரத்திற்கு அங்கே இடமில்லை, றகரத்திற்கும் எழுத்தில்லை. திருச்சிராப்பள்ளி என எழுதப் புகுந்தாலோ சகரம், வல்லோசைப் பகரம், ளகரம் ஆகிய மூன்றும் இடர் தருகின்றன.

அரபு மொழியின் எழுத்துகள் இருபத்தெட்டு. அ, இ, உ ஆகிய மூன்று குற்றுயிர்களும் அவற்றின் நெடில்களும் அம்மொழியின் அடிப்படை உயிர்கள். தமிழுக்கோ உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும், நாவை வளைத்து ஒலிக்கும் டகர, ணகர, ளகர, ழகரங்களும், றகர, ஙகர, ஞகரங்களும் அரபு எழுத்து வரிசையில் இல்லை. ‘தொழுகை’ என்னும் நம் அன்றாடச் சொல்லை எழுதுவதற்கே ஒகரமும் ழகரமும் வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

அறிஞர் பெருமக்கள் புதிய எழுத்து வரிசை ஒன்றைப் படைக்க முற்படவில்லை. உள்ள எழுத்துகளிலேயே புள்ளி சேர்த்து வழி கண்டனர். ‘தால்’ எழுத்தின் கீழ் ஒரு புள்ளி இட்டால் டகரம், ‘நூன்’ எழுத்தின் கீழ் ஒரு புள்ளி சேர்த்தால் ணகரம், ‘ரே’யின் கீழ்ப் புள்ளியிட்டால் றகரம், ‘ஃபே’யின் கீழ்ப் புள்ளி சேர்த்தால் பகரம், ‘ஜீம்’ எழுத்திற்கு மூன்று புள்ளிகள் தந்தால் சகரம், ‘ஐன்’ எழுத்தின் கீழ் மூன்று புள்ளிகள் இட்டால் ஙகரம். எகர ஒகரங்களுக்கு வழக்கமான உயிர்க்குறிகளை மாற்றியும் திருப்பியும் இட்டனர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. டகரத்திற்குத் தகர இனமான தாலையும், ணகரத்திற்கு நகரமான நூனையும், றகரத்திற்கு ரகரமான ரேயையும் அடிப்படையாகக் கொண்டனர். ஒலிப்பிறப்பால் நெருங்கியவற்றையே இணைத்தனர் என்பது இதனால் விளங்கும். தொல்காப்பியம் பிறப்பியலில் கூறும் உணர்வு இவர்களிடமும் இருந்தது எனக் கொள்வது மிகையன்று.

இம்முயற்சி நமக்கு மட்டும் உரியதும் அன்று. பாரசீகர் பகர சகரங்களுக்குப் புள்ளிகள் சேர்த்தனர். மலாய் மொழியின் ஜாவி எழுத்தில் ‘ஐன்’ மேல் மூன்று புள்ளிகள் இட்டு ஙகரம் குறித்தனர். கேரளத்தில் அரபு மலையாளம் வளர்ந்தது.

எதற்காக இம்முயற்சி?

தமிழெழுத்து இருக்க, அரபெழுத்தை நாடியது ஏன் என மாணவர் வினவலாம். அதற்கு விடை ஒலியிலேயே உள்ளது. அரபியில் ‘காஃப்’ எனும் எழுத்து இரண்டு உண்டு. ஒன்று அடிநாவில் பிறப்பது. மற்றொன்று நம் ககரத்தை ஒத்தது. முன்னதைக் கொண்டு ‘கல்பு’ என்றால் இதயம். பின்னதைக் கொண்டு ‘கல்பு’ என்றால் நாய். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. இவ்வாறே ஹகரத்திலும் ஸகரத்திலும் அரபு காணும் வேறுபாடுகளைத் தமிழெழுத்து காட்டாது. சமயச் சொற்களைப் பிழையின்றி ஓதவும், தமிழில் பொருள் உணரவும் ஒரே பக்கத்தில் வாய்ப்பளித்தது அரபுத் தமிழ். ஓதக் கற்ற பெண்டிர் பலர் இல்லத்திலிருந்தே சமய நூல்களைப் பயிலவும் அது துணை நின்றது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர்.

மொழியியலார்க்கும் இதனால் பயன் உண்டு. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்ப்புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. எகர ஏகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. உயிர்க்குறியிட்ட அரபுத் தமிழிலோ உயிரற்ற மெய்க்குச் ‘சுகூன்’ உண்டு. இரட்டித்த மெய்க்கு ‘ஷத்து’ உண்டு. ஆகவே அக்காலத்தார் ஒரு சொல்லை எவ்வாறு ஒலித்தனர் என அறிய இந்நூல்கள் தனிச் சான்றாகும்.

இன்றைய நிலை

சில ஆண்டுகளுக்கு முன் திருவெறும்பூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மூதாட்டியார் துணியில் சுற்றி வைத்திருந்த நூலொன்றை எடுத்து வந்தார். தமிழ் முதுகலை பயிலும் பேரன் அதை வாங்கிப் பார்த்தான். அவன் குர்ஆனைச் சரளமாக ஓதுபவன். தமிழும் நன்கு அறிந்தவன். ஆயினும் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். “இது அரபியா நன்னி? இந்தப் புள்ளிகள் புரியவில்லையே” என்றான். மூதாட்டியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். வந்தவை அத்தனையும் இனிய தமிழ்ச் சொற்கள்! எழுத்தும் அவனுக்குத் தெரியும், மொழியும் தெரியும், இரண்டையும் இணைக்கும் சில புள்ளிகளே தெரியவில்லை.

அச்சில்லங்கள் பெருகித் தமிழெழுத்தில் சமய நூல்கள் எளிதாகக் கிடைத்தமையும், பொதுப் பள்ளிக்கல்வி பரவியமையும் இவ்வழக்குக் குறையக் காரணங்களாயின. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. தமிழெழுத்தில் தமிழ் படிப்பது நற்பேறே. ஆனால் எழுதி வைத்தவை படிப்பாரின்றி மட்கிப் போவது பேரிழப்பாகும். அரபுத் தமிழின் சிறப்பெழுத்துகள் சில இன்று கணினிக்குரிய ஒருங்குறியிலும் இடம் பெற்றுள்ளன. எழுத்து காக்கப்பட்டுவிட்டது, அதை ஒலிக்கும் நாவையும் காத்தல் வேண்டும்.

ஓதத் தெரிந்த மாணவர் இப்புள்ளிகளைக் கற்பதற்கு நெடுங்காலம் ஆகாது. பெரியோர் தம் இல்லத்துப் பேழைகளில் உள்ள நூல்களை வெளியில் எடுத்துத் தருக. படிக்க வல்ல முதியோர் இருக்கும்போதே மாணவர் அவர்தம் அருகில் அமர்ந்து கேட்டு, ஒலிநாடாவிலோ கைபேசியிலோ பதிவு செய்க. ஆசிரியர் அவற்றைத் தமிழெழுத்தில் பெயர்த்துப் பதிப்பிக்க வழிகாட்டுக. ஒரு நூல் வாசிக்கப்படும்போது ஒரு தலைமுறையின் குரல் மீண்டும் கேட்கிறது. அக்குரல் தமிழில் பேசுகிறது என்பதை நாம் மறவாதிருப்போம்.