பாவம்: தனிமனிதக் குற்றமும் சமூகப் பொறுப்பும் – தமிழ்க் கத்தோலிக்க மரபின் பாவக் கொள்கை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கத்தோலிக்கத் திருச்சபையின் மரபுவழிப் பாவக் கொள்கை தனிமனிதரின் அந்தரங்க ஒழுக்கத்தை மட்டுமே பேசுவது என்றும், கூலி, சாதி போன்ற சமூகச் சிக்கல்கள் இக்காலத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டவை என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. தமிழில் அக்கொள்கை எடுத்துரைக்கப்பட்ட சொற்களையும் பகுப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சமூகப் பொறுப்பை உணர்த்தும் கூறுகள் மரபுக்குள்ளேயே இருந்தன என்பதும், வழக்கம் என்ற பெயரில் சில தீமைகள் ஆன்மசோதனையிலிருந்து விலகி நின்றதே குறை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாவம், பாவசங்கீர்த்தனம், ஒப்புரவு, சமூகப் பாவம், கூலி, சாதி

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் அடுத்தடுத்த ஊர்களான திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் இருவேறு அடையாளங்கள் கொண்டவை. முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த வைணவத் திருத்தலம். பின்னது நூற்பாலைகளால் வளர்ந்த தொழில் நகரம். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு பரவலாக நடைபெறுகிறது. இப்பகுதியில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். கோயில் வீதியிலும் ஆலை வாயிலிலும் அண்டை வீட்டாரோடு அவர்கள் பேசும் தமிழில் ‘பாவம்’ என்னும் சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு. தீய செயலும் பாவம். முற்பிறவி வினையின் பயனும் பாவம். துன்புறுவோரைக் கண்டு இரங்கும்போதும் ‘ஐயோ, பாவம்’ என்கிறோம். இம்மூன்றாம் வழக்கில் பாவம் என்பது செய்தவரைச் சுட்டாமல், பாதிக்கப்பட்டவரைச் சுட்டுகிறது. இப்பொருள் வேறுபாட்டை மனத்திற்கொண்டு கத்தோலிக்கப் பாவக் கொள்கையை அணுகினால் அதன் உள்ளமைப்புத் தெளிவாகும்.

சொல்லும் பொருளும்

கத்தோலிக்கப் பாவக் கொள்கை அச்சு நூல்களின் வழியாகத் தமிழுக்கு வந்த வரலாறு 16ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலையும், 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் நூலையும் அச்சிட்டார். 1580இல் வெளிவந்த ‘கொம்பெசியொனாயரு’ பாவ அறிக்கை செய்வோருக்கான கையேடாகும். தமிழ் அச்சுக்கலையின் முதல் சில நூல்களுள் ஒன்று இப்பொருள் பற்றியதாக அமைந்தது கருதத்தக்கது. அதன் பெயரே போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் எழுத்து வடிவம்தான். பின்வந்த மரபில் அவ்விடத்தைப் ‘பாவசங்கீர்த்தனம்’ என்னும் சொல் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்னும் வழக்கு நிலைபெற்றது.

இவற்றுள் ‘சங்கீர்த்தனம்’ என்னும் சொல் திருவில்லிபுத்தூர் போன்ற ஊரில் தனிக் கவனத்திற்குரியது. வைணவ வழக்கில் அது இறைவனின் திருநாமங்களைப் பாடிப் போற்றுவதாகும். திருப்பாவையின் ஐந்தாம் பாசுரம், இறைவனைப் பாடிச் சிந்தித்தால் முன் செய்த பிழைகளும் இனி வரவிருப்பவையும் நெருப்பில் பட்ட தூசுபோல் அழியும் என்னும் கருத்தைக் கூறுகிறது. கத்தோலிக்க வழக்கிலோ சங்கீர்த்தனம் தன் செயலைத் தானே எடுத்துரைப்பதாகும். இரண்டிலும் வாய்விட்டுச் சொல்லுதல் உண்டு. மன்னிப்பு இறையருளால் வருவது என்பதும் பொது. ஆனால் பின்னதில் குற்றத்தின் பெயரைச் சொல்வது இன்றியமையாதது. வரவிருக்கும் பிழைக்கு முன்கூட்டியே மன்னிப்புப் பெற அங்கு இடமில்லை. இனிச் செய்வதில்லை என்னும் உறுதியே கேட்கப்படுகிறது.

வினைக் கோட்பாட்டிலிருந்து விலகி நிற்க வேண்டிய தேவையும் எழுந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி மறுபிறவிக் கருத்தை மறுத்துப் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்னும் நூலை எழுதினார். ஒருவரின் இன்றைய துன்பம் அவர் முற்பிறவியில் செய்த பாவத்தின் பயன் என்னும் விளக்கத்தை இம்மறுப்பு விலக்கியது. அவ்வாறு விலக்கிய பின், ஏழையின் வறுமைக்குக் காரணம் யார் என்னும் வினா இயல்பாக எழ வேண்டும். அவ்வினா தமிழ்க் கத்தோலிக்க வாழ்வில் முழு வலிமையோடு எழ நீண்ட காலம் ஆயிற்று.

பாவத்தின் வகைகள்

மரபான தமிழ் ஞானோபதேச நூல்கள் பாவத்தை ஜென்மப் பாவம், கர்மப் பாவம் என இரண்டாகப் பகுக்கும். முன்னது மனிதகுலத்தின் தொடக்க வீழ்ச்சியால் வந்த நிலை. பின்னது ஒருவர் தாமே செய்வது. இங்குக் ‘கர்மம்’ என்பது செயல் என்னும் பொருளில் மட்டுமே ஆளப்படுகிறது. கர்மப் பாவம் சாவான பாவம், அற்பப் பாவம் என மீண்டும் இரண்டாகும்.

ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். செயலின் பொருள் கனமானதாக இருத்தல், அதன் தீமையை முழுமையாக அறிந்திருத்தல், மனமுவந்து இசைதல் என்பன அவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் குற்றத்தின் தன்மை மாறும். அச்சத்தாலும் நிர்ப்பந்தத்தாலும் ஒருவர் செய்ததை, தெளிந்த மனத்தோடு செய்ததற்கு இணையாக இம்மரபு கருதுவதில்லை. பாவத்தை விதிமீறலாக மட்டும் காணாமல், செய்தவரின் அறிவையும் விருப்பத்தையும் எடைபோடும் அறவியல் இது.

அகங்காரம், உலோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்னும் ஏழும் தலையான பாவங்கள் எனப்பட்டன. பிற பாவங்கள் இவற்றிலிருந்து கிளைப்பதால் இப்பெயர் பெற்றன. இவ்வேழனுள் மோகம் ஒன்றே பாலியல் சார்ந்தது என்பது, மரபு அந்தரங்க ஒழுக்கத்தை மட்டுமே பேசிற்று என்னும் கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

பட்டியலுக்குள் வராத பாவம்

1551இல் திரெந்து பொதுச்சங்கம், சாவான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணிக்கையும் தோன்ற அறிக்கையிட வேண்டும் என வரையறுத்தது. இதனால் ஆன்மசோதனை நுட்பம் பெற்றது. அதே வேளையில் ஓர் இடைவெளியும் உருவாயிற்று. பொய்யையும் களவையும் எத்தனை முறை என்று எண்ணலாம். பிறந்தது முதல் ஊரே பின்பற்றும் வழக்கத்தை எவ்வாறு எண்ணுவது? வழக்கமாகிவிட்ட தீமை, தீமையாகத் தோன்றுவதே இல்லை.

சாதி இதற்குத் தெளிவான சான்று. தெ நொபிலி பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றைச் சமூக அடையாளங்கள் எனக் கொண்டு ஏற்றார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளுடன் இவற்றை அனுமதித்தார். இறைவார்த்தை கேட்குமிடத்தும் திருவருட்சாதனங்களைப் பெறுமிடத்தும் தாழ்ந்தோரை இகழலாகாது என்றும் அறிவுறுத்தினார். அனுமதி நடைமுறையாயிற்று, அறிவுரை அந்த அளவுக்கு நடைமுறையாகவில்லை. 1872இல் வடக்கன்குளத்தில் கட்டப்பட்ட தேவாலயம், சாதி அடிப்படையில் மக்கள் தனித்தனியே அமரும் வகையில் பிரிக்கப்பட்டிருந்தது. பிரிவினைச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. தனியிட உரிமைக் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ என்னும் நூல் இவ்வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. சுவரின் இருபுறமும் இருந்தோர் ஒரே ஞானோபதேசத்தைக் கற்றவர்கள். அகங்காரம் தலையான பாவம் என்பதை அறிந்தும், அதன் கண்கூடான வடிவமாகச் சுவரைக் காணாமற் போனதே இங்குள்ள சிக்கல்.

மரபுக்குள் உள்ள கருவிகள்

இக்குறையைக் களையத் தேவையான கருவிகள் மரபிலேயே உள்ளன. அவற்றுள் மூன்றை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, பிறர் பாவத்தில் பங்கேற்றல் பற்றிய போதனை. தாமே செய்யாவிடினும், பிறரை ஏவுதல், ஆலோசனை கூறுதல், புகழ்தல், தடுக்கும் கடமை இருந்தும் தடுக்காதிருத்தல், தீங்கு செய்தவரைக் காத்தல் ஆகியவற்றால் ஒருவர் அப்பாவத்திற்குப் பொறுப்பாவார். மௌனமும் இதன்படி குற்றமாகலாம்.

இரண்டாவது, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்னும் பகுப்பு. ஆபேலின் இரத்தம், எகிப்தில் ஒடுக்கப்பட்டோரின் அழுகை முதலியவற்றோடு கூலியாளுக்கு இழைக்கப்படும் அநீதியும் இப்பட்டியலில் உண்டு. பாதிக்கப்பட்டவரின் குரல் இறைவனை எட்டுகிறது என்பதே இப்பகுப்பின் அடிப்படை.

மூன்றாவது, ஈடுசெய்யும் கடமை. களவாடியவர் மனம் வருந்துவது மட்டும் போதாது; பொருளைத் திருப்பித் தரவும் வேண்டும். நற்செய்தியில் சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தது இதற்கு எடுத்துக்காட்டு.

1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘ஒப்புரவும் தவமும்’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில் சமூகப் பாவம் பற்றி விளக்கினார். தீய சமூகச் சூழல் என்பது பல தனிமனிதப் பாவங்கள் திரண்டதன் விளைவு. அதை உருவாக்குவோர், அதனால் பயன் பெறுவோர், அச்சத்தாலும் அக்கறையின்மையாலும் வாளாவிருப்போர் ஆகிய அனைவருக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் கருத்தின் சாரம். ‘சமூகமே குற்றவாளி’ என்று கூறித் தனிமனிதர் தப்பித்துக்கொள்ள இவ்விளக்கம் இடந்தரவில்லை. பழைய பங்கேற்பு போதனையின் விரிவாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

இக்கால வாழ்வில் பொருத்திப் பார்த்தல்

முதலில் கூலி. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதாலேயே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது என்று கற்பித்தது. வறுமையால் வந்த இசைவு முழுமையான இசைவன்று. மூன்றாண்டு போன்ற ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரே மொத்தத் தொகை தரப்படும் எனக் கூறி இளம்பெண்களைத் தமிழக நூற்பாலைகள் பலவற்றில் சேர்த்த ‘சுமங்கலித் திட்டம்’ கடும் கண்டனத்திற்கு உள்ளானது. இடையில் நோயுற்று வெளியேறும் பெண் அத்தொகையை இழந்தால், அது தொழிலாளர் சட்டச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மரபுவழிப் பகுப்பின்படி கூக்குரலிடும் பாவமும் ஆகும். பஞ்சும் நூலும் வாழ்வாதாரமாக உள்ள இராசபாளையம் பகுதியில் ஆன்மசோதனை செய்வோர், ‘நான் திருடினேனா?’ என்பதோடு ‘நான் தர வேண்டிய கூலியைத் தாமதித்தேனா?’ என்றும் கேட்டுக்கொள்வது புதுமையன்று. மரபின் நேரிய தொடர்ச்சியே.

அடுத்தது சாதி. 2003இல் தமிழக ஆயர்களிடம் உரையாற்றிய இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டிற்கு எதிரானது என்றார். 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவமாகக் குறித்தது. எனினும் திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் பிரித்து நின்ற சுவர், அறிக்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவைக் காட்டும். ‘பாவம்’ எனப் பெயரிட்ட பின், அதற்குரிய மனத்தாபமும் ஈடுசெய்தலும் வேண்டும் என்பதே மரபு. பெயரிடுதலோடு நின்றால் சங்கீர்த்தனம் பாதியில் நிற்கிறது.

மூன்றாவது கைப்பேசி. பிறர் நற்பெயரைக் கெடுப்பதைப் பத்துக் கட்டளைகளுள் எட்டாவதன் கீழ் வைக்கும் இம்மரபு, கெடுத்த பெயரை மீட்டுத் தரும் கடமையையும் விதிக்கிறது. உண்மையறியாமல் ஒரு செய்தியை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவர், அது பொய்யெனத் தெரிந்ததும் அதே குழுவில் மறுப்பைப் பதிவிடுவதே இக்கால ஈடுசெய்தல். செய்தியைத் தம் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவது மட்டும் ஈடாகாது.

முடிவுரை

மரபுவழிக் கத்தோலிக்கப் பாவக் கொள்கை குறுகியதன்று. அதைப் பயன்படுத்திய முறை பல இடங்களில் குறுகியிருந்தது. அறிவு, இசைவு, பங்கேற்பு, ஈடுசெய்தல் ஆகிய கருத்துகளைக் கொண்டே கூலியையும் சாதியையும் எடைபோட இயலும். இவற்றை விட்டுவிட்டுச் ‘சமூகப் பாவம்’ என்று மட்டும் பேசினால் குற்றம் யாருக்கும் உரியதாகாமல் போகும். சமூகத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை மட்டும் பேசினால் சுவர் அப்படியே நிற்கும்.

ஆலை வாயிலில் களைத்து நிற்கும் பெண்ணைக் கண்டு ‘ஐயோ, பாவம்’ என்கிறோம். இரக்கத்தில் பிறக்கும் அச்சொல், ‘யார் செய்த பாவம்? அதில் என் பங்கு என்ன?’ என்னும் வினாவாக மாறுமிடத்தில்தான் ஆன்மசோதனை தொடங்குகிறது.